ராணியம்மாவின் சிரிப்பு

12 ஜனவரி 2025

அக்கா,

மகள் கல்யாணத்துக்கு நான் கட்டிய சேலை மடிப்புக் கலையாமல் பெட்டியில் கிடக்கிறது. நான் மறுபடியும் நீல யூனிஃபாரத்தில் நிற்கிறேன். விமானத்தில் அழக்கூடாது என்று நினைத்திருந்தேன், நடக்கவில்லை. பக்கத்து சீட்டில் இருந்த மலப்புறத்து அம்மாள் ஒன்றும் கேட்காமல் கண் துடைக்கத் தன் கைலேசைத் தந்தாள்.

ஃபோனில் பேசலாமே என்று நீ ஒவ்வொரு முறையும் சொல்கிறாய். இந்த அரண்மனைக்குள் வேலைக்காரர்கள் ஃபோன் கொண்டுவரக்கூடாது, கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். மாதத்துக்கு ஒருநாள் ஆபீஸ் ஃபோனில் பேசலாம். அப்போதும் சூப்பர்வைசர் பக்கத்தில் நிற்பாள். அந்தப் பேச்சில் சாப்பிட்டாயா, உறங்கினாயா என்பதைத் தவிர வேறென்ன வரும்? எழுதினால்தான் எனக்கு மனசு திறக்கிறது. நம்ம ஊர்ப்பக்கம் பொழியூர்க்காரர் ஒருவர் இங்கே டிரைவராக இருக்கிறார், ஜினு. அவர் வெளியே போகும்போது தபாலில் சேர்த்துவிடுவார்.

அனுமோளின் அப்பன் இறந்த வருஷம், அவளை ஆறாம் வகுப்பில் உன் கையில் விட்டுவிட்டு வந்தேன். நீ வளர்த்தாய், படிக்கவைத்தாய், லேப் டெக்னீசியன் ஆக்கினாய். இப்போது கள்ளிக்காட்டு ராபின்சன் கையில் பிடித்தும் கொடுத்துவிட்டாய். பெற்றவள் என்று நான் வந்து முன்வரிசையில் நின்றேன், அவ்வளவுதான். இதை நேரில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

கல்யாண ஃபோட்டோவை ராணியம்மாவுக்குக் காட்ட வேண்டும், இன்னும் நேரம் வாய்க்கவில்லை. இங்கே எல்லோரும் அவளை ஷேக்கா என்பார்கள். உனக்கு எழுதும்போது எனக்கு ராணியம்மா என்றுதான் வருகிறது. ராஜாவின் தம்பி மனைவி என்றால் ராணி மாதிரிதானே. போன வாரம் ஒரு பெரிய விருந்து. வெளிநாட்டு ஆட்கள் நிறைந்த மேசையில் அவளுடைய கணவர் அவளைப் பார்த்து ஏதோ கடுத்துச் சொன்னார். எனக்குப் பாதிதான் புரிந்தது. ஆனால் மேசையில் எல்லோரும் அவரவர் தட்டையே பார்த்தார்கள். ராணியம்மா சிரித்தாள். சிரித்துக்கொண்டே பக்கத்தில் இருந்தவளுக்குப் பேரீச்சம்பழத் தட்டை நகர்த்திக் கொடுத்தாள். அறைக்கு வந்த பிறகுதான் தாடை நோகிறது என்றாள். நான் வெந்நீரில் துணி முக்கிக் கன்னத்தில் பிடித்தேன். அவ்வளவு பேருக்காகவும் சிரித்த வாய் அல்லவா.

இதை அனுமோளுக்கு வாசித்துக் காட்டு. சின்னதிலிருந்தே அவளுக்கு ராணியம்மா என்றால் உயிர். பேப்பரில் படம் வந்தால் நான் வெட்டி அனுப்புவேன், அவள் பத்திரமாக வைப்பாள். புகுந்த வீட்டில் ஒரு சொல் முன்னே பின்னே வந்தால் ராணியம்மாவை நினைத்துக்கொள்ளச் சொல். நம்ம வீட்டில் சத்தம் கொஞ்சம் அதிகம் அக்கா. கோபித்துக்கொள்ளாதே. அவளாவது அமைதியாக இருந்து நல்ல பெயர் வாங்கட்டும்.

ரெஜிலா


17 பிப்ரவரி 2025

ரெஜிலா,

கடிதம் கிடைத்தது. நம்ம வீட்டில் சத்தம் அதிகம் என்று எழுதியிருக்கிறாய். நம்ம வீட்டில் சத்தம் போட்டவள் ஒருத்திதான். என்னைக் கட்டின சதானந்தன் குடித்துவிட்டு அடித்ததை ஜங்ஷனில் நின்று ஊர் கேட்கச் சொல்லிவிட்டு, ஒரு பையோடு அம்மை வீட்டுக்கு வந்தவள் நான். கோபமில்லை. யாரைச் சொல்கிறாய் என்று எனக்குப் புரிந்தது என்று மட்டும் சொல்லிவைக்கிறேன்.

போன சனிக்கிழமை தொழிலுறப்பு நூறுநாள் வேலை இல்லை. நெய்யாற்றின்கரை போய், காட்டாக்கடை மாறி, கள்ளிக்காட்டுக்குப் போனேன். ஏத்தங்காய் உப்பேரி வறுத்துக் கொண்டுபோனேன். வீடு நல்ல வீடு. ராபின்சனின் அம்மை பாவம், அதிகம் பேசாதவள். ராபின்சன் டைல்ஸ் கடைக்குப் போயிருந்தான். அனுமோள் லேப் வேலையை விட்டுவிட்டாளாம். ஏன் என்று கேட்டேன். பாறசாலை வரை தினமும் போய்வர தூரம் என்றாள். பக்கத்தில் காட்டாக்கடையிலும் லேப் உண்டே என்றேன். சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்குப் பழக்கமில்லாத சிரிப்பு ரெஜிலா. சின்னதில் அவள் சிரித்தால் மேல்வரிசையும் கீழ்வரிசையும் தெரியும், பக்கத்து வீட்டு நாய் குரைக்கும்.

உன் கடிதத்தை வாசித்துக் காட்டினேன். கண் எடுக்காமல் கேட்டாள். பிறகு அலமாரியைத் திறந்து காட்டினாள். கதவின் உள்பக்கம் உன் ராணியம்மாவின் படம் ஒட்டியிருக்கிறது. யாருக்கும் தெரியாமல் உள்ளே.

எனக்கும் ராணிகளைப் பற்றிக் கொஞ்சம் தெரியும். சர்க்கார் வேலைக்கென்று அனுமோள் படித்த பி.எஸ்.சி. பரீட்சைப் புத்தகங்கள் இங்கேதான் கிடக்கின்றன, சோறு வேகும் நேரத்தில் எடுத்து வாசிப்பேன். நம்ம நாட்டை ஆண்ட ஒரு ராணி, பிள்ளைகளின் படிப்புச் செலவை சர்க்காரே ஏற்க வேண்டும் என்று அந்தக் காலத்திலேயே உத்தரவு போட்டாளாம். நல்ல காரியம், இல்லை என்று சொல்லமாட்டேன். அதே ராணி ஆண்ட நாளில்தான் நம்ம பெண்கள் தோளில் சீலை போட்டதற்காகத் தெருவில் அடிபட்டார்கள். ராணி பெண்தானே, அவளுக்குத் தோள் இல்லையா? அரண்மனையில் இருந்து பார்த்தால் தெரு தெரியாது போல.

அம்மைக்கு ஆனந்தபாய், எனக்குச் செல்லபாய். ராணிகளின் பெயரில் பாய் உண்டென்று நம்ம ஆட்களும் வைத்தார்களாம். பள்ளிக்கூடத்தில் என்னைச் சுருட்டிவைத்த பாய் என்று கேலி பண்ணினார்கள், எனக்குக் கிடைத்த ராஜமரியாதை அவ்வளவுதான். உனக்கு ரெஜிலா என்று வைத்து அப்பன் தப்பவிட்டார். நீயோ ராணியைத் தேடி அரண்மனைக்கே போய்விட்டாய்.

உடம்பைப் பார்த்துக்கொள். முட்டுவலிக்குத் தைலம் கொடுத்துவிட ஆள் பார்க்கிறேன்.

செல்லபாய்


23 மார்ச் 2025

அக்கா,

உன் கேலியை வாசித்து முதலில் சிரித்தேன். பிறகு உறுத்தியது.

நீ ராணியம்மாவைப் பார்த்ததில்லை. இந்த நாட்டில் பெண்பிள்ளைகள் காலேஜுக்குப் போகவேண்டும் என்று முதலில் எழுந்து பேசியவள் அவள். என்னோடு வேலை செய்யும் சூடான்காரிக்குப் பிள்ளை பிறந்தபோது, தன் மருத்துவரையே அனுப்பினாள். எனக்குக் காய்ச்சல் வந்தால் தானே வந்து நெற்றியைத் தொட்டுப் பார்க்கிறாள். இதுவரை ஒருவரையும் உரக்கப் பேசி நான் கேட்டதில்லை. இப்படி ஒருத்தியைப் பார்த்து நம்ம பிள்ளை நடந்தால் என்ன குறைந்துவிடும்? நான் அவளுக்குச் சொத்து எதையும் சேர்த்துக் கொடுக்கவில்லை. ஒரு நல்ல முன்மாதிரியையாவது கொடுக்கிறேன் என்று நினைத்தேன்.

கல்யாணம் ஆனதும் வேலையை விடுவது ஊரில் நடக்காததா? ராபின்சனுக்கு அவள் வீட்டில் இருப்பது பிடித்திருக்கும். கொஞ்சம் நாள் போனால் அவளே பேசிச் சரிபண்ணுவாள். அதற்குள் நீ போய் ஏன், எதற்கு என்று கேட்டால் அவளுக்குத்தான் கஷ்டம்.

ஒன்று சொல்கிறேன், பொறுத்துக்கொள். உனக்கு எந்த ஆணைப் பார்த்தாலும் சதானந்தன் முகம்தான் தெரிகிறது. நீ ஜங்ஷனில் நின்று பேசிய மறுமாதம் எனக்கு வந்த சம்பந்தம் ஒன்று நின்றுபோனது. உனக்கு அது மறந்திருக்கும், எனக்கு மறக்கவில்லை. பெண்ணின் சத்தம் அவளோடு நிற்பதில்லை அக்கா, கூடப்பிறந்தவள் தலையிலும் விழும். அதனால்தான் எனக்குப் பயம்.

இப்படி எழுதியதற்கு நான் இன்றைக்கே வருத்தப்படுவேன். ஆனாலும் கிழிக்காமல் அனுப்புகிறேன்.

ரெஜிலா


22 ஏப்ரல் 2025

ரெஜிலா,

முந்தாநாள் ஈஸ்டர். அனுமோளும் ராபின்சனும் நம்ம சபைக்கு ஆராதனைக்கு வந்தார்கள். வெயில் மண்டையைப் பிளந்தது. அவள் மணிக்கட்டு வரை கை நீண்ட சுடிதார் போட்டிருந்தாள். ஆராதனை முடிந்து வீட்டுக்கு வந்தோம். ராபின்சன் முன்னால் உட்கார்ந்து யாரிடமோ ஃபோனில் பேசிக்கொண்டிருந்தான். அவள் எனக்கு உதவ அடுக்களைக்கு வந்தாள். மீன் கழுவும்போது சட்டைக் கையை மடக்காமல் கழுவினாள். சட்டை நனைகிறதே என்று நான் மடக்கிவிட்டேன்.

முழங்கைக்கு மேலே நான்கு விரல் அடையாளம், பழுத்து மஞ்சளாகியிருந்தது. அதன்மேல் புதிதாக ஒன்று, நீலமாக.

நான் கத்தப் போனேன். அவள் என் வாயைப் பொத்தினாள். மீன் கையோடு பொத்தினாள். என்ன சொன்னாள் என்று அப்படியே எழுதுகிறேன்.

"சத்தம் போடாதிய பெரியம்மை. ராணியம்மா இதவிட வலிய சங்கடத்திலயும் வாய் திறக்கல்லேல்லா. அம்மை எழுதினாவல்லா."

பிறகு கையை இறக்கிவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு முன்னறைக்குப் போனாள். அவனுக்குச் சாயா கொடுத்தாள். சிரித்தாள்.

உன் போன கடிதத்துக்குப் பதில் எழுத மனசில் நிறைய வைத்திருந்தேன். இப்போது எதுவும் வேண்டாம். உன் சம்பந்தம் என்னால் நின்றது உண்மையாக இருக்கலாம். அதை எப்போது வேண்டுமானாலும் என்னிடம் சண்டை போட்டுக் கேள்.

இப்போது எனக்காக ஒரு காரியம் செய். நீ அவள் கன்னத்தில் துணி பிடிக்கிறாயே, அப்போது உன் ராணியம்மாவிடம் ஒரு கேள்வி கேள். ஏன் வாய் திறக்கவில்லை என்று கேள். அவள் என்ன சொல்கிறாளோ அதை எழுது. நான் போய்ப் பேசினால் அனுமோள் காதில் ஏறாது, நான் சத்தக்காரி. அவளுடைய ராணி சொன்னால் ஏறும்.

செல்லபாய்


30 மே 2025

அக்கா,

கடிதம் மே பத்தாம் தேதிவாக்கில்தான் கைக்கு வந்தது. வாசித்த அன்று நான் ஒரு கண்ணாடிக் குவளையைக் கீழே போட்டு உடைத்தேன். இங்கே வந்த இத்தனை வருஷத்தில் முதல் தடவை.

ஆபீஸ் ஃபோனில் அனுமோளைக் கூப்பிட்டேன். நல்லா இருக்கேன் அம்மை என்றாள். பக்கத்தில் எனக்கு சூப்பர்வைசர், அவளுக்கு யாரோ. நானும் நல்லா இருக்கேன் மக்கா என்றேன். இரண்டு பேரும் பொய் சொல்லிவிட்டு வைத்தோம்.

கேள்வியைக் கேட்க எனக்கு உடனே தைரியம் வரவில்லை. ராணியம்மா வெளியூர் போயிருந்தாள். திரும்பி வந்ததும் ஒரு பள்ளிக்கூடத் திறப்புவிழா. அது முடிந்து மத்தியானம் அறைக்கு வந்து, தாடையைத் தடவிக்கொண்டே நாற்காலியில் சாய்ந்தாள். நான் துணி பிடித்தேன். துணியைச் சரியாகப் பிழியாததால் நீர் அவள் கழுத்தில் சொட்டியது. என்னவென்று கேட்டாள். அவள் பேசுவது பாதி ஆங்கிலம், பாதி அரபி. நம்ம பேச்சில்தான் எழுதுகிறேன், அப்படித்தான் எனக்கு மனசில் நிற்கிறது.

அன்றைக்கு விருந்தில் ஐயா அப்படிப் பேசினபோது நீங்கள் ஏன் ஒன்றும் சொல்லவில்லை என்று கேட்டேன். கேட்டதும் வேலை போயிற்று என்றே நினைத்தேன். அவள் கோபிக்கவில்லை. இதை யார் கேட்கச் சொன்னார்கள் என்றாள். எனக்கு ஒரு மகள் உண்டு, அவள் உங்களைப் பார்த்து நடக்கிறவள் என்றேன். எப்படிப் பார்த்து நடக்கிறாள் என்றாள். நான் சொன்னேன் அக்கா, எல்லாவற்றையும் சொன்னேன். நீண்ட கை, நீலம், மஞ்சள், நீ எழுதியது அத்தனையும்.

ஃபோட்டோ உண்டா என்று கேட்டாள். என் அறைக்கு ஓடிப்போய்க் கல்யாண ஃபோட்டோவைக் கொண்டுவந்தேன். அவள் அதை ஜன்னல் பக்கம் பிடித்து வெகுநேரம் பார்த்தாள். பிறகு விரலை அனுமோளின் வாயில் வைத்தாள்.

"இது எனக்க சிரிப்பாக்கும். உனக்க மவளுக்கு இத ஆரு குடுத்தா?"

  துணியை என் கையிலிருந்து வாங்கித் தானே கன்னத்தில் வைத்துக்கொண்டாள். அப்போதுதான் சொன்னாள். அவள் பேசினால் கேட்க அந்த வீட்டில் யாரும் இல்லையாம். அவளுடைய அப்பாவிடம் ஒருமுறை சொல்லிப் பார்த்தாளாம். குடும்பத்தின் மானம் என்றாராம். வீட்டைவிட்டுப் போனால் பிள்ளைகளை இங்கேயே விட்டுவிட்டுத்தான் போகவேண்டும். மூன்று பிள்ளைகள். சின்னவன் இன்னும் அவள் கையைப் பிடித்துக்கொண்டுதான் தூங்குகிறான். அவள் பேசாமல் இருப்பது பொறுமையால் இல்லை அக்கா. நான்தான் அதற்குப் பொறுமை என்று பெயர் வைத்து ஊருக்கு அனுப்பிக்கொண்டிருந்தேன்.

கடைசியில் ஒன்று கேட்டாள்.

"உனக்க மவ இருக்க இடத்திலேருந்து ஏறிப்போவ ஒரு பஸ் உண்டா?"

உண்டு என்றேன். கள்ளிக்காட்டில் ஏறினால் மாறி மாறி எங்கள் வீட்டு முக்கு வரை வந்துவிடலாம் என்றேன்.

"எனக்கு அது இல்ல. உள்ளவ எதுக்கு என்னப் பாத்து நடக்கணும்?"

அக்கா, இந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு போ. அவளுக்கு வாசித்துக் காட்டு. நான் முன்னால் எழுதியதெல்லாம் வேண்டாம் என்று சொல். அவள் அம்மை சொல்கிறாள் என்று சொல். ராணியம்மாவும் சொன்னாள் என்று சொல். யார் சொன்னால் அவள் எழுந்திருப்பாளோ அவர்கள் சொன்னதாகச் சொல்.

ரெஜிலா


19 ஜூன் 2025

ரெஜிலா,

இரண்டு நாளைக்கு முன்னால் ஃபோனில் அனுமோள் "காரோட்டில, நம்ம வீட்டில உண்டு அம்மை" என்று சொன்னபோது நீ சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்டாயாம். பக்கத்தில் ஆள் இருந்திருக்கும். நடந்ததை முழுவதும் எழுதுகிறேன். நிதானமாக உட்கார்ந்து வாசி, பிள்ளை இப்போது என் பக்கத்தில் படுத்துக்கிடக்கிறாள்.

உன் கடிதம் வந்த மறுநாள் ஞாயிறு. ஆராதனைக்குப் போகாமல் பஸ் ஏறினேன். மழை அடித்துப் பெய்தது. அணையில் ஷட்டர் திறந்திருந்ததால் கள்ளிக்காட்டில் ஆறு கலங்கி ஓடியது. போய்ச் சேர்ந்தபோது ராபின்சன் வீட்டில் இருந்தான். மரியாதையாக உட்காரச் சொன்னான். பிள்ளையைக் கொஞ்சநாள் கூட்டிப்போகிறேன் என்றேன். அவளுக்கு இங்கே என்ன குறை, அவளே சொல்லட்டும் என்றான். அவள் கதவைப் பிடித்துக்கொண்டு நின்று சிரித்தாள். எனக்கு ஒரு நிமிஷம் எல்லாம் போயிற்று என்று தோன்றியது.

கை கழுவவேண்டும் என்று சொல்லிக் கிணற்றடிக்குப் போனேன். அவள் வாளியோடு கூடவே வந்தாள். குடையை அவள் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு கடிதத்தை வாசித்தேன். எழுத்தில் மழை விழுந்தது, அதனால் கடைசிப் பக்கத்தைப் பாதி மனப்பாடமாகச் சொன்னேன். பஸ் உண்டா என்று உன் ராணியம்மா கேட்ட இடம் வந்ததும் அவள் என் கையைப் பிடித்தாள்.

"அவியளே சொன்னதாக்குமா?"

"அவியளே சொன்னதாக்கும் மக்கா."

வாளியை அங்கேயே வைத்துவிட்டு உள்ளே போனாள். தன் சர்டிபிகேட் இருந்த பையை மட்டும் எடுத்தாள். நான் முன்னால் வருவதற்குள் வராந்தாவில் அவன் எதிரே நின்றிருந்தாள். பெரியம்மையோடு போறேன் என்று மெல்லச் சொன்னாள். அவன் எழுந்து இவள் கையைப் பிடித்தான். அதே இடத்தில் பிடித்தான் ரெஜிலா. விடுங்க என்று கொஞ்சம் உரக்கச் சொன்னாள். ரோட்டில் ஆள் போகுது, மெல்லப் பேசு என்றான்.

அதைக் கேட்டதும்தான் அவள் சத்தம் போட்டாள்.

"ஆளு கேக்கட்டும். நீங்க என்ன அடிச்சிய. கையப் பிடிச்சுத் திருக்குனிய. எனக்கு நோவுது. நோவுது எனக்கு."

குரல் இரண்டாகப் பிளந்து வந்தது, வெகுநாள் பூட்டிக்கிடந்த கதவைத் திறந்ததுபோல. ரோட்டில் ரப்பர் பால் கொண்டுபோன ஒருவர் சைக்கிளை நிறுத்தினார். எதிர்வீட்டில் ஜன்னல் திறந்தது. ராபின்சன் கையை விட்டான். அவனுடைய அம்மை உள்ளிருந்து வந்தாள். எங்களைத்தான் தடுக்கப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் அனுமோளின் துப்பட்டாவை எடுத்துத் தோளில் சரியாகப் போட்டுவிட்டு, "போ மக்கா" என்று மட்டும் சொன்னாள். அந்த அம்மாளின் கதை என்னவோ, நான் கேட்கவில்லை.

பஸ்ஸில் ஏறின பிறகுதான் குடையை விட்டுவிட்டு வந்தது தெரிந்தது. காட்டாக்கடை வரை அனுமோள் நடுங்கிக்கொண்டே வந்தாள். அதற்குப் பிறகு பேசத் தொடங்கியவள் நெய்யாற்றின்கரை வரை நிறுத்தவில்லை. வேலையை விடச் சொன்னது, ஃபோனை வாங்கிவைத்தது, யாரோடு பேசினாள் என்று கேட்டு அடித்தது எல்லாம் சொன்னாள். முன்சீட்டில் இருந்த பெண் திரும்பிப் பார்த்தாள். அனுமோள் குரலைத் தாழ்த்தவில்லை. நானும் தாழ்த்தச் சொல்லவில்லை.

மறுநாள் நம்ம வார்டு மெம்பர் ஷிஜியைக் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கும் ஸ்டேஷனுக்கும் போய்வந்தோம். இனி என்ன வரும் என்று தெரியாது. பிள்ளை இங்கே உண்டு, அது தெரியும்.

செல்லபாய்


13 ஜூலை 2025

அக்கா,

கடிதத்தைத் துணி தேய்க்கும் அறையில் நின்று வாசித்தேன். பிறகு அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். சூடான்காரி வந்து பார்த்துப் பயந்துபோய், ஊரில் யார் இறந்தது என்று கேட்டாள். யாரும் இறக்கவில்லை, என் மகள் வீட்டுக்கு வந்துவிட்டாள் என்றேன். அவளும் பக்கத்தில் உட்கார்ந்து அழுதாள்.

ராணியம்மா அந்தக் கேள்வி கேட்ட நாளிலிருந்து, காலையில் நான் திரைச்சீலையை விலக்கும்போதெல்லாம் பஸ் கிடைத்ததா என்று கேட்பாள். அனுமோள் ஃபோனில் சொன்ன மறுநாள் காலை, கிடைத்தது என்றேன். அவள் படுக்கையில் எழுந்து உட்கார்ந்தாள். நன்றி என்று தன் மொழியில் கடவுளுக்குச் சொன்னாள். பிறகு முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். இத்தனை வருஷத்தில் அவள் அழுது நான் பார்த்ததில்லை. எனக்கு என்ன செய்வது என்று தெரியவில்லை. கட்டிலில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். உட்காரக்கூடாது, அது சட்டம். உட்கார்ந்து முதுகைத் தடவினேன், அனுமோளுக்குச் சின்னதில் தடவியதுபோல. அவள் தள்ளவில்லை.

உன் கடிதம் வந்ததும் மற்றதையும் சொன்னேன். ரோட்டில் ஆள் நிற்க அவள் சத்தம் போட்டதைத் திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்டாள். அந்தச் சொல்லை நம்ம மொழியிலேயே சொல்லச் சொன்னாள். சொன்னேன். 'நோவுது' என்று தானும் ஒருமுறை மெல்லச் சொல்லிப் பார்த்தாள்.

ஊருக்குப் போய் மகளோடு இரு என்று சொல்லிவிட்டாள். ஆபீஸில் காகிதமெல்லாம் அவளே பேசித் தயார்பண்ணிவிட்டாள். செப்டம்பரில் வரலாம். வரவேண்டும் என்று எனக்கு எலும்பெல்லாம் துடிக்கிறது. ஆனால் இவளை இப்படி விட்டுவிட்டு எப்படி வருவேன் அக்கா? இந்த வீட்டில் எத்தனை வேலைக்காரர்கள், இவளுக்கென்று யார் இருக்கிறார்கள்?

அனுமோளை நான் உன்னைப் பார்த்து நடக்கச் சொல்லியிருக்கவேண்டும். முன்மாதிரி வீட்டுக்குள்ளேயே இருந்தது. நான் கடல் தாண்டித் தேடினேன்.

ரெஜிலா


25 ஆகஸ்ட் 2025

ரெஜிலா,

என்னைப் பார்த்து நடக்கச் சொல்லியிருக்கவேண்டும் என்று எழுதியிருக்கிறாய். வேண்டாம். நீ எழுதியது எனக்கு எவ்வளவு குளிர்ந்தது என்று சொல்லமாட்டேன், ஆனாலும் வேண்டாம். நான் அன்றைக்கு ஜங்ஷனில் கத்தினது சரிதான். அதற்குப் பிறகு இத்தனை வருஷத்தில் எனக்கு நோகுது என்று நான் ஒருவரிடமும் சொன்னதில்லை. சிக்குன்குனியாவில் விரல் மடங்காமல் கிடந்தபோதும் உனக்குச் சளி என்றுதான் எழுதினேன். ஒருநாள் கத்திவிட்டு மீதி நாளெல்லாம் வாயைக் கட்டிக்கொண்டவள் நான். உன் ராணியம்மாவுக்கும் எனக்கும் இதில் பெரிய வித்தியாசம் இல்லை, அவளுக்கு வீடு பெரிது.

அனுமோள் எங்கள் இரண்டு பேரையும் போல இல்லை. தலைவலித்தால் தலைவலிக்குது என்கிறாள், இரவில் பயந்தால் என் பாயில் வந்து படுக்கிறாள். போன வாரம் ராபின்சன் பெரியவர்களைக் கூட்டிக்கொண்டு பேச வந்தான். நான் முந்திக்கொண்டு பேசப் போனேன். அவள் என்னை இருக்கச் சொல்லிவிட்டுத் தானே பேசினாள். சத்தமும் போடவில்லை, சிரிக்கவும் இல்லை. கேஸ் நடக்கட்டும், தீர்ப்பு வந்தபிறகு பார்க்கலாம், அதுவரை வேலைக்குப் போவேன் என்றாள். அவனுடைய அம்மைக்கு மட்டும் சாயா போட்டுக் கொடுத்து, அந்த அம்மாள் கொண்டுவந்த என் குடையை வாங்கிக்கொண்டு அனுப்பினாள். பாறசாலையில் பழைய லேப்பிலேயே மறுபடியும் சேர்ந்துவிட்டாள். பிறரின் இரத்தத்தை எடுத்துப் பரிசோதித்து எழுதி எழுதி இரவில் கண் எரிகிறது என்கிறாள், நான் எண்ணெய் வைத்துவிடுகிறேன்.

செப்டம்பரில் வா. ராணியம்மாவை விட்டு எப்படி வருவது என்று கேட்டாய். எனக்கு அதற்குப் பதில் தெரியாது. வருவதற்கு முன்னால் கட்டிலில் அவள் பக்கத்தில் இன்னொரு முறை உட்கார்ந்துவிட்டு வா. அந்தச் சூடான்காரியிடம் சொல்லு, தாடைக்குத் துணி பிடிக்க மட்டுமில்லை, பக்கத்தில் உட்காரவும் வேண்டும் என்று. சட்டம் கிடக்கட்டும்.

நேற்று ஞாயிறு. ஆராதனையில் விண்ணப்பம் சொல்லும் நேரம் வந்தது. யாருக்காக ஜெபிக்கவேண்டும் என்று போதகர் கேட்பார், ஆட்கள் எழுந்து சொல்வார்கள். ஆபரேஷன், வீசா, பரீட்சை என்று வரிசையாகச் சொன்னார்கள். அனுமோள் எழுந்தாள். இவளுடைய கேஸைச் சொல்லப்போகிறாள் என்று எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள், நானும்தான். அவள், தூரநாட்டில் ஒரு சகோதரி உண்டு, பெயர் சொல்ல முடியாது, அவளுக்காக ஜெபிக்கவேண்டும் என்றாள். சகோதரிக்கு என்ன சங்கடம் என்று போதகர் கேட்டார்.

"அவியளுக்கு நோவுது. சொல்லதுக்கு ஆளு இல்ல" என்றாள்.

சபை முழுவதும் தலைகுனிந்தது. பெயர் தெரியாத ஒருத்திக்காக நம்ம ஊர்ப் பெண்கள், தொழிலுறப்புக்காரிகள், மீன் விற்கிறவர்கள் எல்லோரும் கண்ணை மூடி ஜெபித்தார்கள். நான் ராணிகளை நம்பாதவள், உனக்குத் தெரியும். அனுமோளின் கையைப் பிடித்துக்கொண்டு முட்டுப்போட்டேன். எல்லோரும் ஆமென் சொல்லி எழுந்தபிறகும் கொஞ்சநேரம் எழுந்திருக்கவில்லை.

அக்கா